மாதிரி வீட்டுக்குக் கொடுத்த முதல் பரிசு தொடர்பாக

அனுப்புநர்:
இரண்டாம் வகுப்பு மாணவியின் தகப்பன்,
மரப்பட்டறைத் தச்சன்,
பள்ளிக்குப் பின் தெரு.

பெறுநர்:
கல்வி அலுவலர் அவர்கள்,
தொடக்கப் பள்ளிகள் பிரிவு.

பொருள்: வீட்டுப்பாடத்தில் சொன்னது ஒன்று, பரிசு கொடுத்தது வேறொன்றுக்கு என முறையிடுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற மாதம் என் மகளுக்குக் கொடுத்த வீட்டுப்பாடத்தில், "மாதிரி வீட்டைக் குழந்தை தனியாகவே செய்ய வேண்டும். சிறப்பாக அமையப் பெற்றோர் உடனிருந்து உதவ வேண்டும்" என்றிருந்தது. தனியாகவா, உதவியோடா என்று நாங்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டோம். என் மனைவி ஆசிரியைக்கே போன் செய்து கேட்டார். "கோணலா இருந்தாலும் பரவாயில்லைங்க, பிள்ளை கையால செஞ்சதா இருக்கணும்" என்றார் ஆசிரியை. அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டோம்.

2. நான் கதவும் அலமாரியும் செய்து பிழைப்பவன். மகள் செருப்புப் பெட்டியை வெட்டிச் சுவர் எழுப்பும்போது என் கை பரபரத்தது. கூரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பசை அவள் தலைமுடியெல்லாம் ஒட்டியது. ஒரு தடவை மட்டும் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினாள். டீச்சர் சொன்னதை மீறக் கூடாது என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

3. அதே வாரம், வீட்டுமனை விற்கும் ஒருவர் தம் அலுவலக முகப்பில் வைக்கச் சிறிய மரவீடு ஒன்று கேட்டார். மாடிப்படி, திறந்து மூடும் கதவு எல்லாம் வைத்துச் செய்து கொடுத்தேன். பட்டறைக்கு வந்த மகள் அந்தக் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக விளையாடினாள். அவருடைய பிள்ளையும் அதே வகுப்பு என்பது எனக்குத் தெரியாது.

4. பள்ளிக் கண்காட்சியில் அந்தப் பிள்ளை கொண்டுவந்து வைத்த அதே மரவீட்டுக்குத்தான் முதல் பரிசு. என் மகளின் வீடு கடைசி மேசையில், தண்ணீர்க் குடத்துக்குப் பக்கத்தில் இருந்தது. தச்சர் வீட்டுப் பிள்ளைக்குக் கொஞ்சம் உதவியிருக்கலாமே என்று ஆசிரியை சிரித்தபடி கேட்டார். போனில் சொன்னதை என் மனைவி நினைவூட்டியதற்கு, அதெல்லாம் எல்லாருக்கும் பொதுவாகச் சொல்வதுதானே என்றார். நம்ப வைத்துக் கழுத்தை அறுப்பது என்பதற்கு மரியாதையான வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை, ஐயா.

5. மகள் பரிசு மேசைக்குப் போய் அந்த மரவீட்டை நெடுநேரம் பார்த்தாள். திரும்பி வந்து, "எனக்கு மட்டும் ஏம்பா செஞ்சு தரல?" என்று கேட்டாள். அன்றிலிருந்து அவள் பட்டறைப் பக்கம் வருவதில்லை. நடந்ததை எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். எனக்கு அந்தப் பிள்ளைதான் உசத்தி என்றே நினைக்கிறாள்.

பரிசைத் திரும்ப வாங்கச் சொல்லி நான் கேட்கவில்லை. பரிசு வாங்கியதும் சின்னப் பிள்ளைதான். யாரையும் தண்டிக்கவும் வேண்டாம். தாம் சொன்னதால்தான் அப்பா உதவவில்லை என்று ஆசிரியை என் மகளிடம் ஒரு வார்த்தை சொல்லும்படி தாங்கள் பணிக்க வேண்டும். நாங்கள் சொல்லி எடுபடவில்லை. எங்கள் வீட்டில் அந்த ஆசிரியையை இன்னும் நம்புகிறவள் அவள் ஒருத்திதான்.

இடம்: பள்ளிக்குப் பின் தெரு
நாள்: வெள்ளிக்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)
மாணவியின் தகப்பன்

(கையொப்பம்)
மாணவியின் தாய்