நனைந்த அளவுக்குக் கயிறு

பூவிழி அப்பாவுக்கு, கோத்தகிரியிலிருந்து உண்ணாமலை எழுதுவது. உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? பூவிழி நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? எனக்கு ஒரு குறையும் இல்லை. குளிரில் மூக்கு மட்டும் ஒழுகுகிறது.

நான் சமைக்கும் பள்ளிக்கூடத்தில், பிள்ளைகளுக்குத் தண்ணீர், மரம் பற்றிச் சொல்லித்தர ஆட்களைப் பழக்குகிறார்கள். என்னையும் சேர்த்திருக்கிறார்கள், சிரிக்காதீர்கள். நேற்று அவரவர் ஊர்க் கிணற்றைப் பற்றிப் பேசிப் பழகச் சொன்னார்கள். "குன்னத்துல எங்க கெணத்துல பதினோரு முழம் தண்ணி நிக்கும்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டேன்.

"எந்த வருசத்து அளவு, அக்கா?" என்று பயிற்சி தரும் நந்தினி கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான் சிரித்தேன். நான் ஊரைவிட்டு வந்து மூன்று வருடம் ஆகிறதே!

ஞாயிற்றுக்கிழமை மறுபடி பேச வேண்டும். உண்மையான அளவைச் சொன்னால்தான் பிள்ளைகள் முன்னால் நிற்க விடுவார்களாம். போனில் கேட்டால் "கெடக்குடி, நெறையக் கெடக்கு" என்பீர்கள். உங்கள் தலைமுடிக்கும் அதையேதான் சொன்னீர்கள். அதனால் கயிற்றில் கல்லைக் கட்டிக் கிணற்றின் அடிவரை இறக்குங்கள். நனைந்த அளவை மட்டும் வெட்டி அனுப்புங்கள்.

உலை பொங்குகிறது, நிறுத்துகிறேன். கயிறு நனையவே இல்லையென்றால் முழுசாக அனுப்பிவிடுங்கள். இங்கே எனக்குத் துணி காயப்போடக் கொடி இல்லை.

உண்ணாமலை