பின்சீட்

திருவண்ணாமலை
9 ஜூன் 2024

அன்புள்ள மதி,

நான் நலம். நீ நலமா? போனில் நான் "ம்" கொட்டுவதைக் கேட்டுக் கேட்டு உனக்குச் சலித்துவிட்டது, அதனால் இனி பேப்பரில் எழுதித் தபாலில் போட வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறாய். மருந்துக் கடையில் டாக்டர்களின் கையெழுத்தைப் படித்துப் படித்து என் கையெழுத்தும் அந்த லட்சணத்தில் ஆகிவிட்டது. புரியாத இடத்தில் எல்லாம் "சாப்பிட்டாயா" என்று கேட்டிருப்பதாக வைத்துக்கொள்.

ஒரு சேதி. புல்லட் வாங்கிவிட்டேன். 1978 மாடல். கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை மூட்டை அடுக்கும் ஒரு குடோனுக்குள் பதினைந்து வருடமாக நின்றிருக்கிறது. டேங்குக்குள் எலி குடியிருந்தது, சீட்டில் கோழி அடை காத்தது. மினி லாரியில் ஏற்றி வந்து வாசலில் இறக்கியபோது எதிர்வீட்டுப் பொன்னி அக்கா, "ஏன்ப்பா, இது ஓடுமா, இல்ல பூஜ போட்டு சும்மா வெச்சிக்கப் போறியா?" என்று கேட்டது.

கல்யாணமான புதிதில் நீதானே சொன்னாய், ஒருநாளாவது புல்லட்டில் உட்கார்ந்து மலையைச் சுற்றி வர வேண்டும் என்று? நீ வருவதற்குள் தயார் செய்துவிடுவேன். இதில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். முப்பத்தெட்டு வயதில் என் கால்கள் மறுபடியும் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருக்கின்றன.

உன்
இளவரசன்

* * *

மஸ்கட்
23 ஜூன் 2024

என்னங்க,

பெயர் எழுதப் பேனா வரவில்லை. கடிதத்திலும் "என்னங்க"தான்.

உங்கள் கடிதத்தை ஆஸ்பத்திரி மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து படித்தேன். ரூமில் நாங்கள் ஆறு பேர். ஒருத்தி அழுதால் ஐந்து பேரும் ஏன் என்று கேட்பார்கள். நான் அழவில்லை, சிரித்தேன். அதற்கும் ஏன் என்று கேட்பார்கள்.

கோழி உட்கார்ந்த சீட்டிலா என்னை உட்கார வைக்கப் போகிறீர்கள்?

இப்போது முக்கியமான விஷயம். ஆகஸ்டோடு என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருடத்துக்குக் கையெழுத்துப் போடுகிறேனா, இல்லை ஊருக்குப் போகிறேனா என்று அந்த மாதம் முப்பத்தொன்றாம் தேதிக்குள் சொல்ல வேண்டுமாம். என் கிரேடுக்குக் குடும்ப விசா கிடையாது, அது உங்களுக்கே தெரியும். எந்த வீட்டுக்காக வந்தேனோ அந்த வீட்டைக் கட்டி முடித்தாயிற்று. அதில் நான் இருந்தது மொத்தம் முப்பத்தாறு நாள்.

நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? எழுதுங்கள்.

மதிவதனி

* * *

திருவண்ணாமலை
7 ஜூலை 2024

அன்புள்ள மதி,

திட்டாதே. சமையலறையில் ஒரு சின்ன விஷயம் நடந்துவிட்டது.

இன்ஜினைப் பிரித்தாயிற்று. புது பேரிங் அதன் குழிக்குள் இறங்கவே மாட்டேன் என்றது. டிங்கரிங் கடை நசீர் பாய்தான் வழி சொன்னார்: "பேரிங்க ஐஸ்ல போட்டா சுருங்கும், இன்ஜின் கேஸை அடுப்புல வெச்சா விரியும். ரெண்டும் ஒரே டைம்ல இருக்கணும், ஜாஸ்தி சூடு ஆவக் கூடாது." அதனால் பேரிங் ஃப்ரீசரில் இரண்டு நாள் இருந்தது, உன் தங்கை கொடுத்த மாங்காய்த் துண்டுக்குப் பக்கத்தில். இன்ஜின் கேஸை உன் தோசைக்கல்லின் மேல் வைத்துச் சூடாக்கினேன். "டக்"கென்று இறங்கியது பார், நானே கைதட்டிவிட்டேன். தோசைக்கல்லை மூன்று முறை தேய்த்துக் கழுவிவிட்டேன். இருந்தாலும் புதிது வாங்கிவிடலாம்.

ஹாலில் உன் சோபா மேல் சைலன்சர். கட்டிலுக்கு அடியில் இரண்டு ரிம். வீடு நிறைந்திருக்கிறது.

வேலையைப் பற்றிக் கேட்டிருந்தாய். நல்ல ஆஸ்பத்திரி, உனக்கு நல்ல பெயர். நான் குறுக்கே நிற்க மாட்டேன். நீ யோசித்துச் செய்.

உன்
இளவரசன்

* * *

மஸ்கட்
21 ஜூலை 2024

என்னங்க,

தோசைக்கல்லுக்கு நான் கோபப்படுவேன் என்று நினைத்திருப்பீர்கள். அந்தக் கல்லை எண்ணெய் தேய்த்துப் பழக்க எனக்கு ஒரு வருடம் ஆனது. போகட்டும்.

"வீடு நிறைந்திருக்கிறது" என்ற வரியில்தான் நின்றுவிட்டேன்.

"யோசித்துச் செய்" என்று எழுதியிருக்கிறீர்கள். யோசிக்க எனக்குத் தெரியும். யோசித்து யோசித்துத்தான் மூன்று வருடம் போனது. நான் கேட்டது உங்களுக்கு என்ன வேண்டும் என்று. பேரிங்குக்கு இரண்டு பக்கம் எழுதுகிறீர்கள், எனக்கு மூன்று வரி.

இன்றைக்கு அங்கே பௌர்ணமி. வண்டிகளை எல்லாம் ஊருக்கு வெளியே நிறுத்தியிருப்பார்கள். ஒரு பௌர்ணமிக்கு பஸ் கிடைக்காமல், செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கூட்டத்தோடு நடந்தே வீட்டுக்கு வந்தோமே. "கால் வலிக்குதா, கால் வலிக்குதா"னு வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தீர்கள். அந்த மனுஷனை எனக்குத் தேடுகிறது.

வண்டி முடிந்ததும் ஒரு போட்டோ வைத்து அனுப்புங்கள். பதிலையும் வைத்து அனுப்புங்கள்.

மதி

* * *

திருவண்ணாமலை
4 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மதி,

முடிந்துவிட்டது! போட்டோ இதோடு இருக்கிறது. கரும்பச்சை நிறம், டேங்க் ஓரத்தில் தங்கக் கோடு. கோட்டை நசீர் பாய் தன் கையாலேயே மூச்சை அடக்கிக்கொண்டு போட்டார். பின் மட்கார்டைக் கொஞ்சம் வெட்டிக் குறைத்தோம். பழைய காலத்து ஸ்பிரிங் வைத்த தோல் சீட்டை வேலூரில் தேடி வாங்கினேன்.

பன்னிரண்டாவது உதையில் ஸ்டார்ட் ஆனது. பொன்னி அக்கா ஓடி வந்து, "சத்தம் கேட்டு மிக்சி வெடிச்சிடுச்சோனு நெனச்சேன்" என்றது. அடி அண்ணாமலை வரை போய் டீ குடித்துவிட்டு வந்தேன். வழியில் பிரேக் என்று நினைத்து கியரை மிதித்துவிட்டேன். எதிரே வந்த ஆட்டோக்காரர் என் பரம்பரையையே விசாரித்தார்.

இவ்வளவும் உனக்காகத்தான், மதி.

பதில் கேட்டிருக்கிறாய். உன் இஷ்டம்தான் என் இஷ்டம்.

உன்
இளவரசன்

* * *

மஸ்கட்
18 ஆகஸ்ட் 2024

என்னங்க,

போட்டோ வந்தது. வண்டி அழகாக இருக்கிறது. ரூமில் எல்லோரிடமும் காட்டினேன். "எனக்காக என் வீட்டுக்காரர் செய்தது" என்று பெருமையாகத்தான் காட்டினேன்.

கேரளத்துப் பெண் ஒருத்தி வாங்கிப் பார்த்துவிட்டு, "சேச்சி எங்கே உட்காரும்?" என்று கேட்டாள்.

அப்போதுதான் பார்த்தேன். ஒரே ஒரு சீட். பின்னால் வெட்டின மட்கார்டு, ஒரு விளக்கு, அவ்வளவுதான். கால் வைக்கிற கம்பிகூட இல்லை.

நீங்கள் வேண்டுமென்று செய்திருக்க மாட்டீர்கள். அதுதான் எனக்கு வலிக்கிறது. வேண்டுமென்று செய்திருந்தால் சண்டையாவது போடலாம். இரண்டு மாதம் ராத்திரி பகலாக எனக்காக ஒரு வண்டி கட்டியிருக்கிறீர்கள், அதில் எனக்கு இடம் வேண்டும் என்பது உங்களுக்குத் தோன்றவே இல்லை. நான் இல்லாமல் இருக்கப் பழகிவிட்டீர்கள். தப்பில்லை. மூன்று வருடம் யாருக்கும் பழகிவிடும்.

இன்று காலை அலுவலகத்தில் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டு வருடம். இதைப் போனில் சொல்ல மாட்டேன். சொன்னால் "ம்" என்பீர்கள்.

மதிவதனி

* * *

திருவண்ணாமலை
29 ஆகஸ்ட் 2024

மதி,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. கடைக்கு வெளியே நின்று உனக்குப் போன் செய்தேன். "சாப்பிட்டியா"னு கேட்டேன். "சாப்பிட்டேன்"னு சொன்னாய். வைத்துவிட்டேன். கடையில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து எழுதுகிறேன்.

மறக்கவில்லை, மதி. வேண்டுமென்றுதான் செய்தேன்.

சீட் வைக்கும்போது நசீர் பாய் கேட்டார், "பின்சீட்டு வோணாவா? வூட்டுக்காரம்மா வந்தா எங்க குந்துவாங்க?" என்று. "அப்புறம் பாத்துக்கலாம் பாய்" என்றேன்.

நீ போனதிலிருந்து நான் நம் ஸ்கூட்டரில் எப்படிப் போகிறேன் தெரியுமா? பின்சீட்டில் ஒரு பையை வைத்துக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போகிறேன். பைக்குள் ஒன்றும் கிடையாது, பழைய துணிதான். பஸ் ஸ்டாண்டு வளைவில் நீ என் தோளைப் பிடிப்பாயே, அந்த இடம் வந்தால் எனக்கு முதுகில் குளிர் எடுக்கிறது. காலியான சீட்டைப் பின்னால் வைத்துக்கொண்டு என்னால் வண்டி ஓட்ட முடியவில்லை. அதனால்தான் அந்த சீட்டே இல்லாத ஒரு வண்டியைக் கட்டினேன். இதை எப்படி உனக்கு எழுதுவது? நல்ல வேலையில் இருப்பவளை அழுது இழுத்த மாதிரி ஆகிவிடாதா? அப்படி நினைத்துத்தான் உன் இஷ்டம், உன் இஷ்டம் என்று எழுதினேன்.

என் இஷ்டத்தை இப்போது சொல்கிறேன். எனக்கு நீ வேண்டும். இங்கே, இந்த வீட்டில் வேண்டும். கையெழுத்துப் போட்டுவிட்டாய் என்று தெரிந்தும் கேட்கிறேன், வந்துவிடு.

இளவரசன்

பி.கு.: பின்சீட்டுக்கு இன்று பாயிடம் சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் தருவாராம்.

* * *

மஸ்கட்
10 செப்டம்பர் 2024

என்னங்க,

வார்டில் நின்றபடியே படித்தேன். மொட்டைமாடி வரை போகப் பொறுமை இல்லை. ராத்திரி ரூமில் ஐந்து பேரும் ஏன் அழுகிறாய் என்று கேட்டார்கள். சொன்னேன். அவர்களும் அழுதார்கள்.

கடிதத்தின் தேதியைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். முப்பத்தொன்று வரை எனக்கு நேரம் இருந்தது. மூன்று வருடம் பொறுத்தவள் இன்னும் பதினொரு நாள் பொறுத்து, போனிலாவது கேட்டிருந்தால் என்ன?

அலுவலகத்துக்கு மூன்று முறை போனேன். தாளைத் திருப்பித் தர முடியுமா என்று கேட்டேன். மேலே அனுப்பியாயிற்றாம், முடியாதாம். அலுவலகத்து அம்மா என்னை உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தாள். மே மாதம் நாற்பது நாள் லீவு மட்டும் எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன்.

அந்தப் பையைக் கட்டிக்கொண்டு போகிற ஆளை நினைத்தால் எனக்கு இங்கே வேலை ஓடவில்லை. இதை முதல் கடிதத்திலேயே எழுதியிருக்கக் கூடாதா? உங்களை என்ன செய்வது?

பின்சீட்டை நசீர் பாயிடம் வாங்கித் துணி சுற்றி பீரோ மேல் வையுங்கள். இப்போது மாட்ட வேண்டாம். நான் வருகிற அன்றைக்கு மாட்டலாம். நாற்பதாம் நாள் கிளம்பும்போது நானே என் கையால் கழற்றி வைத்துவிட்டுப் போகிறேன்.

உங்கள்
மதி