மழைத் தட்டு, பனித் தட்டு

ஜனவரி 9

என் பாட்டுகளை இணையத்தில் ஏற்றியதிலிருந்து லூர்தெஸுக்கு ஒரே வேலை. ஹுஹுய் நகரத்திலிருந்து போன் போட்டு, கேட்டவர்கள் என்னென்ன எழுதியிருக்கிறார்கள் என்று வாசித்துக் காட்டுவாள். நல்லதை முதலில் வாசிப்பாள். பிறகு குரல் இறங்கும். பெற்ற மகள், எனக்குத் தெரியாதா?

ரொசாரியோவில் ஒருவர்: “குரல் கரடுமுரடு, ஆனால் உண்மையானது.” அந்த ‘ஆனால்’ எதற்கு? ஒரு பெண் சமைக்கும்போது கேட்கிறாளாம். கேட்கட்டும். புவெனஸ் அயர்ஸ் பத்திரிகைக்காரர்: “இரட்டை இசைத்தட்டு அதிகம். ஒன்றாகச் சுருக்கியிருக்கலாம். இரண்டாவது நகரவே மாட்டேன் என்கிறது. ஒரு பாட்டில் யாரோ இருமுகிறார், அதைக்கூட வெட்டவில்லை.”

இருமியவர் எவுசேபியோ. பக்கத்து வீட்டுக்காரர். பதிவு செய்த குளிர்காலம் முடிவதற்குள் போய்விட்டார். வெட்டக்கூடாது என்று ஒலிப்பதிவுக்காரனிடம் சண்டை போட்டவள் நான்.

வருஷத்துக்கு இரண்டு பாதி, அதனால் இரண்டு தட்டு. முதல் தட்டில் மழைக்காலப் பாட்டு, கார்னிவல் திருவிழாப் பாட்டு. இரண்டாவதில் பனிக்காலம், எவுசேபியோ ஊதிய எர்க்கே. நாணல் துண்டுகளைச் சேர்த்துக் கட்டி மூன்று ஆள் நீளத்துக்கு நீட்டிய கொம்பு அது. நவம்பர் முதல் ஏப்ரல் வரை, பயிர் நிற்கும் மழைக்காலத்தில் அதை ஊதினால் பயிரைக் கருக்கும் பனியைக் கூப்பிட்டதாகும். இந்தப் பள்ளத்தாக்கில் ஆட்டுக்குட்டிக்கும் தெரியும். அதனால்தான் இரண்டாம் தட்டின் உறை ஒவ்வொன்றையும் நானே ஒட்டி, ‘அறுவடைக்கு முன் பிரிக்காதே’ என்று எழுதினேன். இணையத்துக்கு உறை கிடையாதாம். லூர்தெஸ் எல்லாவற்றையும் ஒரே சரமாகக் கோர்த்துவிட்டாள்.

ஜனவரி 17

மதியம் மொச்சை உரித்துக்கொண்டிருந்தேன். ஊர் வானொலியில் வால்தோ என் கார்னிவல் பாட்டைப் போட்டான். காலை ஆட்டிக்கொண்டே கேட்டேன் – பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. அது முடிந்ததும் இடைவெளியே இல்லாமல் எவுசேபியோவின் கொம்பு.

உடுத்திய துணியோடு வானொலி நிலையத்துக்கு ஓடினேன். போய்ச் சேர்வதற்குள் பாட்டு முடிந்துவிட்டது.

“இது ஜனவரிடா! கண்ணு தெரியலையா உனக்கு?”

“நான் போடலைங்க தோன்யா பாசிலியா. போன் அதுவா அடுத்ததுக்குப் போயிடுச்சு. நான் அந்தப் பக்கம் காபி ஊத்திக்கிட்டிருந்தேன்.”

“காது எங்க போச்சு?”

இந்த ஊரிலேயே பிறந்தவன். அதற்குமேல் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. முகம் வெளுத்து, ஜன்னல் வழியே மலையைப் பார்த்தான்.

ஜனவரி 20

பனி விழுந்தது.

ஆற்றோர வயல்களெல்லாம் கருகிவிட்டன. ஹெர்மீனியாவின் மொச்சை கொதிநீர் ஊற்றியது போல் துவண்டு கிடக்கிறது. ஹெர்மீனியா எவுசேபியோவின் மனைவி. லூர்தெஸுக்கு ஞானத்தாய். சுவருக்கு அந்தப் பக்கமிருந்தே பேசினாள்.

“செத்த மனுஷன வச்சே என் தோட்டத்த அழிச்சிட்டியேடி.”

“நானா ஊதினேன்? நானா போட்டேன்?”

“நீதான புடிச்சு தட்டுல அடைச்ச? அடைச்சவ ஒழுங்கா பூட்டி வச்சிருக்கணும்.”

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

பனி வானத்திலிருந்து வருகிறது, பாட்டிலிருந்து இல்லை என்கிறாள் லூர்தெஸ். வானத்திலிருந்து வராமல் வேறெங்கிருந்து வரும்? யார் கூப்பிட்டு வந்தது என்பதுதானே பேச்சு.

ஜனவரி 28

ஊர்க்கூட்டம். அந்த இரண்டாம் தட்டு இனி இருக்கவே கூடாதாம் – கடையில், வானொலியில், எங்கேயும். பனிக்காலத்தில் கேட்கலாமே என்றேன். யாரும் காதில் வாங்கவில்லை. வால்தோ செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான். போனைப் பற்றி மூச்சு விடவில்லை. ஹெர்மீனியா வரவில்லை.

கூட்டம் நடத்திய கிழவர் கிளிமாக்கோ கடைசியாகக் கேட்டார்: “ஏம்மா, ஒரு தட்டு போதாதா உனக்கு?”

பத்திரிகைக்காரர் எழுதிய அதே வார்த்தை! இரண்டு பேரும் எங்கே கூடிப் பேசினார்கள்? அங்கே சலிக்கிறதாம், இங்கே சுடுகிறதாம். முடிவு மட்டும் ஒன்று.

முடியாது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கால் வலி.

கார்னிவல் ஞாயிறு

ஆட்டக்காரர்கள் என் வாசலில் நிற்காமல் போனார்கள். அவர்களுக்கென்று சோளக் கள் ஒரு பானை புளிக்கவைத்திருந்தேன். அடுத்த தெருவில் நின்று பாடியது என் பாட்டுத்தான். முதல் தட்டு, மூன்றாவது பாட்டு.

மார்ச் 6

லூர்தெஸ் பஸ் ஏறி நேரிலேயே வந்துவிட்டாள். புவெனஸ் அயர்ஸ் கம்பெனி ஒன்று முதல் தட்டை மட்டும் வெளியிடக் கேட்கிறதாம். மேடைக் கச்சேரிகளும் உண்டாம்.

“ஊரும் அதத்தான கேக்குது? ரெண்டு பக்கமும் சந்தோஷம். வாழ்க்கையில ஒரு தடவ விட்டுக்குடுங்களேம்மா.”

“பாதி வருஷத்த வச்சுக்கிட்டு மீதியத் தூக்கிப் போடச் சொல்றியா?”

“அம்மா, அது பாட்டு. வருஷம் இல்ல.”

“உனக்கு.”

அழுதாள். பிறகு எனக்கே மாத்தே தேநீர் போட்டுக் கொடுத்தாள். அவள் அப்பாவின் குணம்.

கம்பெனிக்கு முடியாது என்று எழுதச் சொன்னேன். இரண்டாம் தட்டை இப்போதைக்கு இணையத்திலிருந்து இறக்கிவிடு, அறுவடை முடிந்ததும் ஏற்று என்றும் சொன்னேன்.

“இணையத்துல யாரும்மா மாசம் பாக்கறாங்க?”

“நான் பாக்கறேன்.”

மார்ச் 19

தட்டை இறக்கியதற்கும் கருத்துகள். “விளம்பரத் தந்திரம்.” “கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது.” “எனக்குப் பிடித்ததே அந்த இரண்டாவதுதான், எங்கே போனது?” கடைசியில் சொன்னவர் எந்த ஊர் என்று கேட்டேன். தெரியாதாம்.

இனி வாசிக்காதே என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 11

சந்தையில் ஹெர்மீனியா. பாலாடைக்கட்டி விற்பவளிடம் பேசிக்கொண்டிருந்தவள், என்னைக் கண்டதும் விலை கேட்டதை அப்படியே விட்டுவிட்டுப் போனாள். இத்தனை வருஷமாக ஒரே வாய்க்கால் தண்ணீர். என் மேல் தப்பில்லை. தப்பில்லாதவள் ஏன் வழியை மாற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்?

கிதாரைத் தொட்டே பல நாள் ஆயிற்று. அலுப்பாக இருக்கிறது.

மே 30

அறுவடை முடிந்தது. முதல் பனியும் விழுந்தாயிற்று, முறையான பனி. லூர்தெஸ் இரண்டாம் தட்டை ஏற்றிவிட்டாள். யாரும் ஒன்றும் எழுதவில்லையாம். நான் கேட்கவில்லை, அவளாகச் சொன்னாள்.

ஜூன் 3

கதவு தட்டும் சத்தம். ஹெர்மீனியா.

உள்ளே வந்தாள். உட்காரச் சொல்வதற்குமுன் உட்கார்ந்தாள். பையிலிருந்து கோகா இலையை எடுத்து ஒவ்வொன்றாக வாயில் போட்டாள். முதலில் அவளே பேசட்டும் என்றிருந்தேன். அப்புறம் துப்பட்டிக்குள்ளிருந்து ஓர் உறையை எடுத்து மேஜையில் வைத்தாள். நவம்பரில் நான் அவளுக்குக் கொடுத்த இரண்டாம் தட்டு. நான் ஒட்டியது ஒட்டியபடி. பிரிக்கவே இல்லை.

“எங்கிட்ட இத ஓட்டறதுக்கு ஒண்ணும் கிடையாது” என்றாள்.

“அன்னிக்கு ரேடியோவுல கேட்டியே?”

“எங்க கேட்டேன்? ரெண்டு கையாலயும் காத இறுக்கிப் பொத்திக்கிட்டேன். ஜனவரி மாசத்துல அவர நான் கேக்கலாமா?”

கத்தரிக்கோலை எடுத்தேன். வேண்டாமென்று நகத்தாலேயே கிழித்தாள்.

நாலாவது பாட்டைப் போட்டேன். என் குரல் முடிந்து, கொம்பு தொடங்குவதற்கு முன்னால் அந்த இருமல் – தொண்டையில் சிக்கி, இரண்டு தடவை. பிறகு கொம்பு, மலை முழுக்க. பாட்டு முடிந்ததும் ஹெர்மீனியா இலைச்சக்கையை வாயின் மறுபக்கம் ஒதுக்கினாள்.

“திரும்பப் போடு. ஊதறது வேணாம். அதுக்கு முந்தி வருதே, அத.”

போட்டேன். இன்னொரு தடவை என்றாள். போட்டேன். வெளியே இருட்டும்வரை அதுதான்.

போகும்போது வாசலில் நின்று, “மழைத் தட்டக் கட்டி உள்ள வச்சிட்டேன். இனி நவம்பர்லதான்” என்றாள். மொச்சையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

லூர்தெஸ் போன் செய்தாள். ரொம்பத் தயங்கி, “யாராவது ஏதாவது சொன்னாங்களாம்மா?” என்றாள்.

“இருமல் நல்லா இருக்காம்” என்றேன்.