செடி என்று சொல்ல வேண்டுமாம்

என் முரட்டுக் கிழவனுக்கு,

நல்ல செய்தி. நீ மண்வெட்டியால் அடித்த கள்ளித் திருடன் கண் விழித்துவிட்டான். உடைந்த தாடையைக் கம்பியால் கட்டியிருக்கிறார்கள். இனி உறிஞ்சுகுழலில்தான் சாப்பாடு. மணலில் சிதறிக் கிடந்த அவன் பற்களைப் பொறுக்கிக்கொண்டே உன் அக்கா வெர்லின், "அவன் வாயைக் கட்டிட்டாங்க. என் தம்பி வாயை யாருடி கட்டுறது?" என்றாள்.

நியாயமான கேள்விதான். ஏன் அடித்தாய் என்று கேட்ட வெளியூர்ப் போலீஸிடம், "எங்க ஆளு கையை ரம்பத்தால அறுத்தான், அடிச்சேன்" என்றாயாமே? கை போன ஆளைத் தேடி நாய்களோடு பாலைவனமெல்லாம் அலைந்தார்கள். கடைசியில் நான்தான், மரம்போல் உயர்ந்து கைகளாய்க் கிளை நீட்டி நிற்கும் நம் சகுவாரோக் கள்ளியைக் காட்டினேன். அறுபட்ட கை அதன் காலடியில் திருடனின் ரத்தம் தோய்ந்து கிடந்தது.

"ஏம்மா, இது செடிம்மா" என்றார் ஒருவர். பாவம், வெயிலில் கறுத்துப்போயிருந்தார்; நம் சனத்துக்கு அது ஆள் என்பது அவருக்கு எப்படித் தெரியும்?

வக்கீல் கெண்டலும் அதையேதான் சொல்கிறார். "ஒரு செடிக்காகக் கோபத்துல அடிச்சிட்டாருன்னு சொல்லுங்க, விட்டுடுவாங்க. ஆளுன்னு சொன்னா, இவரு நாளைக்கும் அடிப்பாருன்னு எட்டு வருஷம் போட்டுருவாங்க."

நாளை கோர்ட்டில் முதல் சாட்சி நான். ஊர் வம்பெல்லாம் பேசுகிற வாய்க்கு ஒரு சொல்லா பாரம் என்று, பழம் பறிக்கப் போன இடத்தில் நம் சகுவாரோவின் எதிரே நின்று "செடி" என்று சொல்லிப் பார்த்தேன். உடனே மன்னிப்பும் கேட்டுவிட்டேன்.

ஆனாலும் நாளை சொல்லிவிடுவேன். நீ மறுத்துப் பேசாதே. நான் அதைச் சொல்லும்போது மட்டும் என் முகத்தைப் பார்க்காதே.

உன் வாயாடி