இடது கம்பம்

யேனா, 19 மார்ச் 1997

வீப்கே அக்காவுக்கு,

அரையிறுதி ஆட்டத்தின் வீடியோ கேசட் வந்தது. நலமா என்று கேட்கப் போவதில்லை. நீ நலமாக இல்லை.

மற்றவர்கள் நீ தடுத்த பந்துகளைப் பார்ப்பார்கள். நான் லென்ஸ் சோதிக்கிறவன், தப்பைத்தான் பார்ப்பேன். இலையுதிர்கால ஆட்டத்தில் கோலின் இடது கம்பத்தை மூன்று முறை தொட்டாய். ஞாயிற்றுக்கிழமை இருபத்தாறு முறை. வலது கம்பம் அதே மூன்று. வலப்பக்கப் பந்துக்கு ஆறு படத்தில் அசைகிறாய், இடப்பக்கத்துக்குப் பதினொன்று. வினாடிக்கு இருபத்தைந்து படம். கணக்கை நீயே போடு.

பிப்ரவரியில் ஒருத்தியின் முழங்கால் உன் இடது கண்ணில் பட்டதே, அதற்குப் பிறகுதான் இது. இந்த வாரமே டாக்டரிடம் போ.

யோர்ன்


காஸல், 22 மார்ச்

அன்புள்ள யோர்னுக்கு,

'அக்கா, சாப்பிட்டாயா?' என்று ஒரு வரி எழுதினால் கை வலித்துவிடுமா உனக்கு? காலை ஐந்தரைக்குத் தபால் பையைத் தூக்குகிறேன், மாலையில் மைதானம். நடுவில் உன் கடிதம், ஆபீஸ் அறிக்கை மாதிரி.

சரி, உன்னிடம் பொய் சொல்ல முடியாது. இடது ஓரத்தில் ஒரு திரை தொங்குகிற மாதிரி இருக்கிறது. கம்பத்தைத் தொட்டால் எங்கே நிற்கிறேன் என்று தெரிகிறது, அவ்வளவுதான். கோச் கால்தோஃப்கூட, "ஏம்மா, அந்தக் கம்பத்தையே கட்டிக்கப் போறியா?"ன்னு கத்துகிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும்.

ஜூனில் பெர்லினில் கால்பந்துக் கோப்பை இறுதி. பதினொரு வருஷம் காத்திருந்தேன், யோர்ன். அதன் பிறகு எந்த டாக்டரிடமும் போகிறேன். கால்தோஃபிடம் மூச்சு விடாதே. விட்டால் நீ எனக்குத் தம்பியே இல்லை.

முத்தங்களுடன்,
வீப்கே


யேனா, 25 மார்ச்

அக்கா,

திரை என்று எழுதினாயே. இங்கே கண் கருவிப் பிரிவில் இருக்கும் ஹார்ட்விக்கிடம் அதை வாசித்துக் காட்டினேன். மனிதர் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "விழித்திரை கழண்டுக்கிட்டு இருக்குப்பா. இன்னொரு அடி பட்டா கண்ணே போயிடும். அக்காவ இழுத்துட்டுப் போ, ஓடு"ன்னார்.

இழுக்க நான் அங்கே இல்லை. ஆறு முறை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. ஆகவே கால்தோஃபுக்கு எழுதிவிட்டேன். எண்ணிக்கையோடு இரண்டு பக்கம். இதோடு சேர்த்து இன்றே பெட்டியில் போடுகிறேன். உனக்குத் தெரியாமல் செய்தேன் என்று இருக்கக்கூடாது.

யோர்ன்


யேனா, 16 ஜூன்

அக்கா,

மூன்று கடிதத்துக்கும் பதில் இல்லை. ஆபரேஷன் ஆனதே அம்மா சொல்லித்தான் தெரியும்.

இறுதி ஆட்டத்தை டிவியில் பார்த்தேன். உன் இடத்தில் நின்ற பெண் மூன்று கோல் விட்டாள். பழைய நீயாக இருந்தால் இரண்டைத் தடுத்திருப்பாய். பெஞ்சில் கறுப்புக் கண்ணாடியோடு உன்னை ஒரு நொடி காட்டினார்கள். டிவியை அணைத்துவிட்டேன்.

பார்வை எவ்வளவு மிச்சம்? திட்டி எழுத வேண்டாம், சதவீதம் மட்டும் எழுது.

சாப்பிட்டாயா?

யோர்ன்


காஸல், 2 நவம்பர்

யோர்னுக்கு,

எழுபது.

இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் பூஜ்யம் என்றார் டாக்டர். உனக்கு அந்தத் திருப்தியைக் கொடுக்கக்கூடாதென்றே இத்தனை மாதம் எழுதவில்லை. கோபம் போய்விட்டது என்று நினைக்காதே. பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்தத் தொண்ணூறு நிமிஷத்தை இன்னும் மறக்கவில்லை.

கால்தோஃப் உன் இரண்டு பக்கத்தையும் என் கையிலேயே கொடுத்தார். கிழிக்கத்தான் வாங்கினேன். இப்போது என் பையில் இருக்கிறது.

இதோடு ஒரு கேசட் அனுப்புகிறேன். எங்கள் கிளப்பின் சிறுமியர் அணி ஆட்டம். கோலில் நிற்பவள் ஃப்ராங்கா, பதினைந்து வயது. போன மாதம் கம்பத்தில் தலை மோதியது. கேட்டால், "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கேன்"கிறாள், என் குரலிலேயே. டாக்டரும் சரி என்கிறார். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. அடுத்த சனிக்கிழமை ஆட்டம். அதற்குள் எண்ணிப் பார்.

ஏதாவது தெரிந்தால் யாருக்காகவும் பார்க்காதே, உடனே கோச்சுக்கு எழுது.

இப்போது கோச் நான்தான்.

சாப்பிட்டேன்.

அக்கா