ரப்பியின் மடியில் விழுந்த மீன்

மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்த முன்னாள் கணவருக்கு,

ஞாயிற்றுக்கிழமை மதியம் டீனெக் ஊர் நாடக அரங்கில், என் நகைச்சுவைக் காட்சிக்கு எண்பது பேர் வந்திருந்தார்கள். அதில் உன்னை நான் கவனிக்கவில்லை. கவனித்திருந்தால் நம் கதையை மேடையில் துணிந்து சொல்லியிருக்க மாட்டேன்.

உன் அம்மா வீட்டில் எனக்கு முதல் பஸ்கா விருந்து, நம் யூதப் பண்டிகை நாள் என்று கதையைத் தொடங்கினேன். மீன் தட்டோடு வந்தபோது கால் தடுக்கியதையும் சொன்னேன். "மீன் நேரா மாமா மடியில!" என்றேன். பார்வையாளர் பக்க இருட்டிலிருந்து ஒரு குரல் வந்தது: "மாமா மடியில இல்ல, ஜெபாலயத்து குரு, ரப்பி மடியில!"

அந்தக் குரல் எனக்குத் தெரியாதா?

"பாத்தீங்களா? விவாகரத்தாகி பதினோரு வருஷம் ஆச்சு. மனுஷன் இன்னும் என்னைத் திருத்துறதை விடல!" என்றேன். அரங்கமே குலுங்கியது. நீயும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாய்.

அப்போது முன்வரிசை மூதாட்டி ஊன்றுகோலை என் பக்கம் நீட்டி, "இவ்வளவு நல்லா சிரிக்கிறவரை ஏன்டி விட்டே?" என்று கேட்டாள்.

ஒரு மணி நேரம் தனி ஆளாக மேடையில் வாயடிப்பவள் நான். ஆனால் அந்தக் கேள்வியைக் கேட்டதும் தண்ணீர் குடித்துவிட்டு, பல் வைத்தியர் கதைக்குத் தாவினேன்.

காட்சி முடிந்ததும் வாசலுக்கு ஓடி வந்தேன். நீ போய்விட்டாய். "அவ பிரமாதமா பண்றா" என்று டிக்கெட் கொடுக்கும் மார்சியாவிடம் சொன்னாயாமே. இருபத்தாறு வருடம் ஒரே வீட்டில் நான் காத்திருந்த வார்த்தை அது.

கோபமில்லை. வீடுவரை பாடிக்கொண்டேதான் கார் ஓட்டினேன்.

திங்கட்கிழமைகளில் காட்சி கிடையாது. கோழி சூப் வைப்பேன். இன்னமும் ஒருத்திக்கு அளவாக வைக்கத் தெரியவில்லை.

இப்படிக்கு,
மேடையில் மட்டும் தைரியமுள்ளவள்