பாத்திரம் வரும் வரிசை

7-4-63, ஞாயிறு. குருத்தோலை.

வெயில். காலையிலேயே கோட்டைப் பாறையிலிருந்து அனல். குருத்தோலை ஊர்வலம் கடைத்தெரு முனை வரை போய்த் திரும்பியது. மளிகைக் கடைக்காரர்கள் வேடிக்கை. என் செருப்பு வார் அறுந்தது, தைக்கக் கொடுக்க வேண்டும்.

புதிதாக வந்த பாதிரி ஐயர் பிரசங்கம், வெகு நீளம். மனுஷனுடைய நற்கிரியை எதுவும் அவனை ரட்சிக்காது, விசுவாசம் மட்டுமே. ரட்சிப்பு இலவசம், கையேந்தி வாங்குவது ஒன்றுதான் நம் வேலை, ஆகவே பெருமை பாராட்ட யாருக்கும் எதுவும் கிடையாது. நன்றாகவே சொன்னார். மிஷன் பள்ளிக்கூடத்தில் வருஷக்கணக்காக நானும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். நம்பித்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

அப்புறம் தாழ்மைக்கு வந்தார். நம்மை நாமே தாழ்த்த வேண்டுமாம். பெஞ்சில் தெருக்காரர்கள், மேல்சாதிக் கிறிஸ்தவர்கள், தலையாட்டினார்கள். நாங்கள், சேரிக்காரர்கள், பாயில். சர்க்கார் காகிதத்தில் எங்களைத் 'தாழ்த்தப்பட்ட' என்று எழுதி எவ்வளவோ நாளாகிறது. இதற்கு மேல் தாழ வேண்டுமானால் பாயைச் சுருட்டிவிட்டுத் தரையில் உட்கார வேண்டியதுதான்.

இலவசத்துக்கும் வரிசை உண்டு. இராப்போஜனத்தில் முதலில் தெருக்காரர் ஆண்கள், பிறகு அவர்கள் பெண்கள், கடைசியில் நாங்கள். ஒரே பாத்திரம், அதில் திராட்சரசம். நாங்கள் வாய் வைத்த பிறகு அதில் ஐயர் மட்டும்தான் வாய் வைப்பார், மீதியைத் தீர்க்க.

8-4, திங்கள்.

பள்ளிக்கூடம் விட்டதும் ஐயர் கூப்பிட்டு அனுப்பினார். பள்ளிக்கூடத்துக்கு மேனேஜரும் அவர்தான், வருகைப் பதிவேட்டைக் கையோடு எடுத்துக்கொண்டு போனேன். விஷயம் வேறு. பெரிய வியாழனன்று சபையில் பன்னிரண்டு பேருக்குக் காலைக் கழுவப்போகிறாராம், கர்த்தர் சீஷர்களுக்குச் செய்தது போல. நம் சபையில் இல்லாத வழக்கம். எங்கோ பார்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"நீங்க கட்டாயம் வரணும், வாத்தியாரே. உங்களை மாதிரி ஒருத்தர் காலைக் கழுவினாத்தான் அதுக்கு அர்த்தம்."

நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் எரிச்சல். அவருடைய தாழ்மைக்கு என் கால் தேவைப்படுகிறது. உயர்ந்த காலைக் கழுவினால் அது உபசாரம். தாழ்ந்த காலைக் கழுவினால்தான் தாழ்மை. சரி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ரூத்திடம் சொன்னேன். பெண்டாட்டிக்கு வாய் கொள்ளாத சந்தோஷம்.

10-4, புதன்.

வாங்க: மண்ணெண்ணெய், உப்பு, சவுக்காரம். செருப்பு தைத்தாயிற்று. கிணற்றில் சேறு தெரிகிறது.

ரூத் என்னை உட்காரவைத்துக் குதிகாலைக் கல்லால் தேய்த்தாள். "ஐயரு கையால தொடப்போறாரு, இப்பிடியே போவியா? வெடிப்பப் பாரு, பல்லி போயி பூந்துக்கும்." சிரித்தேன். இரண்டு நாளாகச் சிரிக்கவில்லை. கழுவப்போகிற காலை வீட்டிலேயே கழுவிக்கொண்டு போகிறேன், வேறென்ன.

11-4, பெரிய வியாழன்.

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பன்னிரண்டு நாற்காலி. எட்டு தெருக்காரர், நான்கு நாங்கள். முதல் நாற்காலி சபை மூப்பர் தேவசகாயம், உரக்கடை வைத்திருக்கிறவர். கடைசி நாற்காலி நான். ஐயர் இடுப்பில் துண்டு கட்டிக்கொண்டு முழங்காலிட்டார். பெண்கள் பக்கம் விசும்பல் சத்தம். ஒரு பித்தளைத் தாம்பாளம், ஒரே தண்ணீர். மூன்றாவது ஆளிலேயே கலங்கிவிட்டது. எட்டாவதில் செம்மண் நிறம். மணியடிக்கும் மோசேயைப் பார்த்தேன். "தண்ணி இல்லீங்க, வாத்தியாரே, கெணறு வத்திப்போச்சி" என்று முணுமுணுத்தான். உண்மைதான். எனக்கும் தெரியும்.

ஐயர் என்னிடம் வந்து பாதத்தைப் பிடித்தார். மெதுவாகத்தான் பிடித்தார். எல்லார் காலின் அழுக்கும் அந்தத் தண்ணீரில். காலை இழுத்துக்கொண்டேன்.

"ஐயரே, எங்க காலை மொதல்ல கழுவியிருந்தா, அதே தண்ணியில மூப்பரு காலை வெப்பாரா?"

சத்தமாகவே கேட்டுவிட்டேன் போலிருக்கிறது. ஐயர் முகம் வெளுத்தது. பதில் தேவசகாயத்திடமிருந்து வந்தது. "கர்த்தரோட வீட்ல இன்னா பேச்சுய்யா இது? படிச்ச திமிரு." செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

ரூத் பின்னாலேயே வந்தாள். வாசலில் சொன்னாள்: "தேடி வந்த கிருபைய ஒதைச்சிட்டு வந்துட்ட."

12-4, பெரிய வெள்ளி.

ஆராதனைக்குப் போனேன், கதவருகே நின்றேன். யாரும் முகம் கொடுக்கவில்லை. உபவாசம். தலைவலி. தப்புச் செய்யவில்லை என்று எழுதிப் பார்த்தேன், எழுதின பிறகு அவ்வளவு நிச்சயமாக இல்லை. ஐயர் பாவம், கழுவத்தானே வந்தார். பாவம் என்று நினைத்ததும் மறுபடி கோபம்.

13-4, சனி.

மதியம் ஐயர் வீட்டுக்கே வந்தார். சேரிக்குள் வந்தது இது இரண்டாம் தடவை. ரூத் தண்ணீர் கொடுத்தாள், குடித்தார், குறை சொல்ல முடியாது.

"நீங்க கேட்ட கேள்வி நியாயம்தான். ஆனா கேட்ட விதம் கர்வம். விசுவாசத்துக்கு முதல் சத்துரு கர்வம்." நாளை ஆராதனைக்கு முன்னால் சபையார் எதிரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். கேட்காவிட்டால் பாத்திரம் இல்லை. என் பள்ளிக்கூட வேலை மூப்பர்கள் கையில், தன்னால் தடுக்க முடியாது என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஆக, கிருபைக்கு விலை இல்லை. எனக்கு மட்டும் ஒரு விலை.

மன்னிப்புக் கேட்க மாட்டேன் என்று ரூத்திடம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். "கேட்டா வாயி தேஞ்சிடுமா? அடுத்த மாசம் அடுப்புல இன்னா வெப்ப? எங்க நைனா வூட்டுக்கு, தொண்டூருக்கு அனுப்பிடுவியா?" நியாயம். இந்த ஊரில் எல்லாருடைய பேச்சும் நியாயமாகவே இருக்கிறது.

14-4, ஈஸ்டர்.

இருட்டோடு எழுந்து போனோம். கேட்டுவிட்டேன். இரண்டே வாக்கியம். பெருமையால் இடறினேன், மன்னியுங்கள். தேவசகாயம் எழுந்து வந்து சட்டை மேல் தட்டிக்கொடுத்தார். "வாத்தியாரு தங்கமான மனுஷன்." பாயில் வந்து உட்கார்ந்தேன். மூப்பர்கள் முகத்தில் திருப்தி. வேலை தப்பித்தது.

விசுவாசமுள்ள எல்லாரும் வாருங்கள் என்று ஐயர் கூப்பிட்டார். பெஞ்சில் ஆண்கள் வேட்டியைச் சரிசெய்துகொண்டார்கள். அவர்கள் எழுவதற்குள் ரூத் எழுந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பெஞ்சுகளுக்கு நடுவே போய், தேவசகாயம் எப்போதும் முழங்காலிடும் இடத்தில் முழங்காலிட்டாள்.

ஐயர் குனிந்து, "அம்மா, கொஞ்சம் பொறுங்க" என்றார்.

"எல்லாரும் வாங்கன்னு நீங்கதானே கூப்ட்டீங்க, ஐயரே."

கோபமே இல்லாத குரல். கடையில் சில்லறை கேட்பது போல. ஐயர் பெஞ்சுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு அப்பத்தைக் கொடுத்தார், பாத்திரத்தையும் கொடுத்தார். அதற்காக அவரை நான் மதிக்க வேண்டும்.

குடித்துவிட்டு அங்கேயே இருந்தாள். பெஞ்சிலிருந்து ஒருவரும் எழவில்லை. ஹார்மோனியம் பாட்டை முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தது. பாயிலிருந்தவர்கள் ரூத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள். வாத்தியார் எழுந்தால் எழலாம் என்று. அவள் பக்கத்தில் அவ்வளவு இடம் காலியாக இருந்தது.

நான் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எழவில்லை. வியாழக்கிழமை அத்தனை பேர் முன்னால் காலை இழுக்கத் தெரிந்தது, இன்று அதே காலை எடுத்து வைக்கத் தெரியவில்லை. கோழை.

அவளுக்குப் பிறகு ஒருவரும் போகவில்லை. மீதியை ஐயர் தனியாக, திரும்பி நின்று, குடித்துத் தீர்த்தார்.

வீட்டில் கோழிக் குழம்பு. இலை போட்டுப் பரிமாறினாள். ஒரு வார்த்தை குத்திச் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் சாப்பிட்டிருப்பேன். என்ன பேசுவது என்று தெரியாமல், "பாத்திரத்துல எவ்ளோ இருந்துது?" என்று கேட்டேன்.

"ரொம்பி இருந்துது" என்றாள். "எல்லாருக்கும் போதும்."